யார் கீழே போட்டது என்று கேட்காதீர்கள்

போன வாரம், இத்தனை வருஷம் நான் டிஸ்க் பழுது பார்த்த நம் கடைக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவன் வந்தால் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, டீக்குச் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாமக்கல் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் வந்தாள். கைக்குட்டையில் சுற்றிய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். கூடவே அவளுடைய மேலாளர். கம்ப்யூட்டரில் செருகினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, எதுவும் திறக்கவில்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், கவுண்டரில் இருந்த உங்களில் ஒருவர் கேட்டார்: “யாரும்மா கீழ போட்டது?”

மேலாளர் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், ஒயரைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் கவனித்தேன். டீ வருவதற்கு முன்பே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். இருந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். கோபம் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே ஆறாமலேயே எழுதுகிறேன்.

டிஸ்க் பழுதானால் யார் கையில் அது இருந்ததோ அவர் போட்டுவிட்டார் என்று நினைப்பது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. யார் கையில் இருக்கும்? முதலாளி கையிலா இருக்கும்? சுமக்கிறவர் கையில்தான் இருக்கும். இளைத்தவர் தலையில் மிளகாய் அரைக்க ஊரில் ஏற்கெனவே ஆள் நிறைய இருக்கிறது. நாம் வேறு அம்மி தூக்கிக் கொடுக்க வேண்டுமா?

எடப்பாடிப் பக்கத்துத் தறிக்கூடத்தின் கதையைச் சொல்கிறேன். கடையை நான் பார்த்துக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில் நடந்தது. சேலை நெய்கிற இடம். கரையிலும் முந்தியிலும் வரும் பூவேலையை முன்பு அட்டையில் துளை போட்டுத் தறியில் கட்டுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு போய்த் தறிக்கு ஊட்டுகிறார்கள். அங்கே அந்த வேலையைச் செய்தவள் ரேவதி. கணவனும் அதே கூடத்தில் தறி ஓட்டுகிறவன். வரைவது, டிஸ்க்கில் ஏற்றுவது, தறிக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள்தான்.

ஒருநாள் அந்தத் தறிக்கூடத்தின் முதலாளி டிஸ்க்கோடு நம் கடைக்கு வந்தார். நம் கவுண்டரில் அப்போது இருந்தவர் நல்ல வேலைக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன். டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

“கீழ போட்டிருக்காங்க சார். நல்லா அடி.”

“அப்பிடிச் சொல்லுங்க! நான் அப்பவே நெனச்சேனுங்க. அவ ஒருத்திதானுங்க அதத் தொடறவ. கேட்டா நான் போடலீங்கறா. புளுகறா பாருங்க.”

நான் உள்ளறையில் இருந்தேன். இந்தப் பேச்சு காதில் விழுந்தது. அதைவிட மோசமான இன்னொன்றும் விழுந்தது: டிக், டிக், டிக். சத்தம் எப்படி வருகிறது என்று கேட்பதற்காக நம் ஆளும் ஒருமுறை செருகியிருக்கிறார்! ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் செய்கிறீர்கள், அதனால் திரும்பச் சொல்கிறேன். உள்ளே தட்டு சுழல்கிறது. அதைப் படிக்கிற ஹெட் தட்டைத் தொடாமல் மேலே மிதக்க வேண்டும். ஹெட் கெட்டுப்போன டிஸ்க்கைச் செருகினால் அது தட்டின் மேலேயே உரசும். ஒவ்வொரு செருகலும் ஒரு சுரண்டல். சத்தம் வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இந்தத் தொழிலில் கையைக் கட்டுவதுதான் கஷ்டம், அவிழ்க்க எல்லாருக்கும் தெரியும்.

டிஸ்க்கைத் திறந்தேன். கண்ணாடி போல இருக்க வேண்டிய தட்டில் ஒரு வளையம் மங்கிக் கிடந்தது. பக்கத்தில் கறுப்புத் தூள். ஒருமுறை இருமுறை செருகியதால் வருகிற வளையம் இல்லை அது. முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“சத்தம் வந்ததுக்கு அப்பறம் எத்தன எடத்துல செருகுனீங்க?”

“ஒருக்காத்தானுங்க பாய்.”

“நெசமாவா?”

“ஊட்டுக் கம்ப்யூட்டர்ல ஒருக்கா. அப்பறம் மாப்பிள்ளையோட லேப்டாப்புல. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில. அப்பறம் பிரிட்ஜில வெச்சு எடுத்தா வேலை செய்யும்னு சொன்னாங்க...”

“வெச்சீங்களா?”

“கவர்ல சுத்தித்தானுங்க வெச்சோம்.”

தயிருக்கும் தக்காளிக்கும் நடுவில் வைத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி அடக்கினேன் என்று தெரியவில்லை. விளக்கிச் சொன்னேன். “விழுந்ததுல ஹெட்டுதாங்க போயிருக்கு. அப்பவே கொண்டாந்திருந்தா எல்லா டிசைனையும் எடுத்துக் குடுத்திருப்பேன். டிசைன அழிச்சது இந்தச் சுரண்டல். அதப் பண்ணுனது நீங்க.” பாதி டிசைன்கள் கிடைத்தன. தீபாவளிக்கென்று வரைந்த புதிய கரைகள் எல்லாம் அந்த வளையத்துக்குள் போய்விட்டன.

நான் சொன்னதில் ‘விழுந்ததுல’ என்ற வார்த்தை மட்டும் முதலாளியின் காதில் ஏறியது. மற்றது எதுவும் ஏறவில்லை. மனிதக் காதும் கெட்டுப்போன ஹெட் மாதிரிதான், வேண்டிய இடத்தில் மட்டும் போய் நிற்கும்.

“ஒரு ஒத்தாச பண்ணோணுங்க பாய்,” என்றார். “வெள்ளிக்கெழம கோயல்ல அவளச் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லியிருக்கறேன். டிஸ்க்கு கீழ உழுகலீன்னு அவ சொல்லட்டும். நீங்க நாலு பேரு மின்னால, உழுந்துதுன்னு சொல்லுங்க. நீங்க அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. பாய் சொன்னா ஊரு நம்புமுங்க.”

உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, எரியும்போதே மூடி அணைத்து, அம்மன் சாட்சியாகச் சொல்வது அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. பொய் சொல்ல அஞ்சுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் ஒரு பெண்ணை அங்கே நிறுத்துவதற்கு என்னை ஏணியாக வைத்துக்கொள்ளப் பார்த்தார் பாருங்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ரேவதியே பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டாள். அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். வேறொரு கூடத்துக்கு டிசைனை விற்றுவிட்டு, தடயம் தெரியாமல் இருக்க டிஸ்க்கை உடைத்தாள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. கேட்டவர்கள் ஒரு சுற்று சேர்த்துச் சொல்ல, அது மாமனார் வீடு வரை போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கணவன் வாயைத் திறக்க முடியாமல் அதே கூடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, டிஸ்க்கத் தொறந்து பாத்தீங்களாமா?”

“பாத்தேன்மா.”

“அது எப்பிடி உழுந்துச்சுன்னு அதுல தெரியுமுங்களா?”

“விழுந்துதுன்னு தெரியும். எப்பிடின்னு தெரியாது. யாருன்னும் தெரியாது.”

“நான் போடலீங்க. ஆனா கீழ கெடந்துச்சுங்க. காத்தால வந்து கதவத் தொறந்தா சாமி மாடத்துக்கு அடியில கெடந்துச்சு. சாமிகிட்ட இருந்து ஒண்ணு கீழ உழுந்தா நல்லதில்லீன்னு மொதலாளி வைவாங்க. எடுத்து மறுக்கா அங்கயே வெச்சுட்டேன். ஆருகிட்டயும் சொல்லல. இப்ப உழுகலீன்னு சூடம் அணைக்கச் சொல்றாங்க. உழுந்தத உழுகலீன்னு நான் எப்பிடிங்க அணைப்பேன்? எனக்குக் கொழந்த இருக்குதுங்க.”

நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று அவள் ஒதுங்கினாள். ஒதுங்கியதையே ஊர் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். இதற்கெல்லாம் தொடக்கம் நம் கவுண்டரில் விழுந்த ஒரு வார்த்தை.

“டிஸ்க் எதுக்கும்மா சாமி மாடத்துல இருந்துச்சு?” என்று கேட்டேன். இந்தக் கேள்வியைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

“பொழுதோட ஊட்டுக்குப் போகையில அங்கதாங்க வெச்சுட்டுப் போகோணும். மொதலாளி சொன்னது. சாவியும் அங்கதான், மொதல்ல நெய்யற துணியும் அங்கதான். தொழிலோட லட்சுமி அதுலதான் இருக்குதாமா.”

வெள்ளிக்கிழமை காலையில் எடப்பாடிக்குப் போனேன். கோயிலுக்குப் போவதற்கு முன்னால், டிஸ்க் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும், ரேவதியையும் வரச் சொல்லுங்கள் என்று முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தேன். செத்துப்போன டிஸ்க்கை மூடித் திருகி, பையில் எடுத்துப் போயிருந்தேன்.

அலுவலக அறை சின்னது. ஒரு சுவரில் என் தோள் உயரத்தில் கடப்பாக் கல் பலகையைச் செருகி, அதில் சாமி படங்களை வைத்திருந்தார்கள். முன்னால் விபூதித் தட்டு, சாவிக்கொத்து. எண்ணெயும் விபூதியும் பட்டுக் கல் வழவழவென்று இருந்தது. கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தும் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். விருந்தாளி வந்தால் பேச்சுக் கேட்க வேண்டும் என்று தறிகளை நிறுத்திவிடுவது அங்கே மரியாதை. அன்றும் நிறுத்தியிருந்தார்கள்.

பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து ரேவதியிடம் கொடுத்தேன். “நீ எப்பவும் வைக்கிற மாதிரி வை.” விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தறிய ஓட்டச் சொல்லுங்க,” என்றேன் முதலாளியிடம்.

“ஓட்டுனா பேசறது காதுல உழுகாதுங்களே பாய்.”

“பேச வேண்டாமுங்க. ராத்திரி எத்தனை தறி ஓடுமோ, அத்தனையும் ஓடட்டும்.”

ஓட்டினார்கள். சுவர் அதிர்ந்தது. என் பல் வரைக்கும் அதிர்ந்தது. டீ வந்தது. டம்ளருக்குள் டீ சின்னச் சின்ன வட்டமாகக் குதித்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேலை கெட்டவன் என்று நினைத்திருப்பார். நான் டிஸ்க்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விபூதித் தட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே விரல் நுழைகிற இடம் வந்தது. டிஸ்க் மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. மூலை கல்லுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. முதலாளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பாதி வெளியே வந்து, தலைகுப்புறச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. தறிச் சத்தத்தில் விழுந்த சத்தம் எங்களில் யாருக்கும் கேட்கவில்லை.

தறிகளை நிறுத்தினார்கள். நெசவாளர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ரேவதி மட்டும் பேசினாள்: “விபூதித் தட்டும் இப்பிடித்தானுங்க உழுகும். பல்லி தள்ளுச்சுன்னு நீங்க சொல்லுவீங்க. நாந்தான் எடுத்து வெப்பேன்.”

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். “அப்ப எங்க சாமி தள்ளி உட்டுதுங்கறீங்களா பாய்?”

அந்த இடத்தில் நான் பயந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். அவர் ஊர், அவர் ஆட்கள், அவர் சாமி படம். அதன் முன்னால் வெளியூர் பாய் ஒருவன். சரிங்க, விடுங்க, ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ரேவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொழிலில் உங்களுக்கு நெருக்கடி என்று வருவது டிஸ்க்கைத் திறக்கும்போது அல்ல. திறந்து பார்த்ததைச் சொல்லும்போதுதான்.

“ஏனுங்க, பழியப் போட இப்ப சாமியத் தேடறீங்களா?” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நேத்து வரைக்கும் ரேவதி, இன்னிக்குச் சாமியா? தள்ளுனது உங்க தறிங்க. அங்க வைக்கச் சொன்னது நீங்க. சத்தம் வந்தப்பறம் ஊரெல்லாம் செருகிப் பாத்ததும் நீங்க. கோயிலுக்கு வாரேன். வந்தா இதைத்தான் நாலு பேரு முன்னால சொல்லுவேன். போலாமா?”

முதலாளி குனிந்து டிஸ்க்கை எடுத்துத் துண்டால் துடைத்தார், ஏதோ அது இன்னும் உயிரோடு இருப்பது போல. கோயிலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரேவதியைப் பார்த்து, “சரி உடு அம்மிணி. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வேலைக்கு வந்துரு,” என்றார். அவர் மனதில் அதுதான் பெரிய தாராளம்.

“எங்க சொன்னீங்களோ அங்கயே வந்து சொல்லுங்க,” என்றாள் ரேவதி.

“என்னத்த?”

“நான் போடலீன்னு. டீக்கடையில சொன்னீங்க. கோயல் வாசல்ல சொன்னீங்க. என்ற மாமனார் ஊட்டுக்கு ஆளு உட்டுச் சொன்னீங்க. அங்கயெல்லாம் வந்து சொல்லுங்க. அப்பறம் வாரேன்.”

முதலாளி சிரித்தார். “ஊடு ஊடாப் போயிச் சொல்லச் சொல்றியா? தானா ஊருக்குத் தெரிஞ்சுரும் போ.”

“தானாத் தெரியாதுங்க. அன்னைக்கும் தானாத் தெரியல. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். முதலாளி எங்கேயும் போய்ச் சொல்லவில்லை. அவள் அந்தக் கூடத்துக்குத் திரும்பவும் இல்லை. டிஸ்க்கை மாடத்திலிருந்து எடுத்து மேசைக்குள் வைக்க மட்டும் முதலாளி உடனே கற்றுக்கொண்டார். தன் நஷ்டம் என்றால் பாடம் சீக்கிரம் ஏறும்.

கடைக்குத் திரும்பி, நம் கவுண்டர் ஆளிடம் நடந்ததைச் சொன்னேன். போன் போட்டு, நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று அந்த முதலாளியிடம் சொல் என்றேன். “நான் சொன்னது சரிதானே சார்? டிஸ்க் விழுந்துதானே இருக்கு?” என்றார். அவ்வளவு கெட்டிக்காரர்! மூலை நசுங்கியது அவர் கண்ணில் பட்டது. மனுஷி நசுங்கியது படவில்லை. கடைசி வரை அவர் போன் செய்யவில்லை. வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் முன்பு எடப்பாடியிலிருந்து ஒரு தறிக்காரர் வேறு வேலையாக என்னைப் பார்க்க வந்தார். ரேவதி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன். “எந்த ரேவதிங்க?” என்று யோசித்தவர், “அட, டிஸ்க்க ஒடச்சவளுங்களா?” என்றார். இத்தனைக்கும் அவர் நல்ல மனிதர். அவளைப் பற்றி அவருக்கு வேறொன்றும் தெரியாது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளிப் பெண்ணின் டிஸ்க் இன்னும் நம் அலமாரியில்தான் இருக்கிறது. விசாரித்துவிட்டேன், நீங்கள் இன்னும் திறக்கவில்லை. விழுந்ததோ, தேய்ந்து போனதோ, செய்தபோதே கோளாறோ, எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த மேலாளருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இந்நேரம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

நாளைக் காலையில் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னால், கேட்டவர் யாரோ அவர் பஸ் ஏறி அந்தப் பள்ளி அலுவலகத்துக்குப் போக வேண்டும். போன் போதாது. அந்தப் பெண்ணும் இருக்கும்போது, அந்த மேலாளரிடம், நான் பார்க்காமல் கேட்டுவிட்டேன், இவர் போட்டார் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நானும் வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் காலையில் நிற்பேன்.